ஃபின் எங்கே? – பந்தயப் படகின் பிடிமானக் கணக்கு

திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகை நம்மில் எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே ஒரு துண்டு மெழுகுவத்தி, பின்னால் இரண்டு சின்னக் குழாய். கடைக்காரர் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி அதை மிதக்க விட்டிருப்பார். 'புட்புட்புட்' என்று சத்தம் போட்டுக்கொண்டு அது ஓயாமல் வட்டமடிக்கும். பேசினுக்குள்ளேயே சுற்றட்டும் என்று பின்னால் இருக்கும் தகரச் சுக்கானைக் கடைக்காரரே கொஞ்சம் வளைத்து விட்டிருப்பார். சரி, அந்தச் சுக்கானை நிமிர்த்திவிட்டு ஒரு பெரிய தொட்டியில் விட்டுப் பாருங்கள். அப்போதும் அது ஒழுங்காக நேரே போகாது. லேசாகக் காற்று தட்டினால் ஒரு பக்கம் ஒதுங்கும், சின்ன அலை மோதினால் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். காரணம், அதன் அடிப்பாகம் தட்டை. தண்ணீரைப் பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றுமே இல்லை.

பாண்டி பஜாரில் விற்கும் ரிமோட் படகுகள் சிலவற்றுக்கும் இதே வியாதிதான். நேராகப் போகும்போது ஜோராகப் போகும். வளைவில் ரிமோட்டை ஒடித்தால் மூக்கு திரும்பிவிடும், உடம்பு மட்டும் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். மணல் கொட்டிய ரோட்டில் சைக்கிளை ஒடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

இந்த வழுக்கலைப் பிடித்து நிறுத்துவது மோட்டாரும் அல்ல, சுக்கானும் அல்ல. படகின் அடியில் செங்குத்தாக நிற்கும் ஒரு சின்னத் தகடு. அதற்குப் பெயர் ஃபின். அந்தத் தகடு எவ்வளவு பெரியது என்பதைவிட, எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்த ஒரு விஷயத்தைத்தான் இக்கட்டுரையில் என் அறிவுக்கு எட்டியவரை விளக்கப் போகிறேன். எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஒரு மாதிரிப் பந்தயப் படகு. அதைச் செய்தபோது கற்றுக்கொண்டதையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் சில பெயர்கள். தமிழில் மீனின் ஃபின்னுக்கும் துடுப்பு என்றுதான் பெயர், படகு வலிக்கும் கட்டைக்கும் துடுப்பு என்றுதான் பெயர். குழப்பம் வேண்டாம் என்று ஃபின் என்றே எழுதுகிறேன். மற்றதற்கெல்லாம் நம் மீனவர்களிடமே அருமையான சொற்கள் இருக்கின்றன. படகின் முன்பகுதி அணியம். பின்பகுதி அமரம். அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் கட்டை ஏரா. திருப்புவது சுக்கான். இந்த நான்கும் போதும்.

சென்னையிலேயே நான்கு பாடங்கள்

ஃபின் பற்றிப் படிக்க வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டியதில்லை. நம் ஊரிலேயே நான்கு பாடங்கள் தண்ணீரில் மிதக்கின்றன.

முதல் பாடம் மயிலாப்பூரில். தைப்பூசத்தை ஒட்டிக் கபாலீசுவரர் கோயில் குளத்தில் தெப்பம் நடக்கும். பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் அலங்கார மண்டபம் எழுப்புவார்கள். தெப்பத்துக்கு அணியமும் இல்லை, அமரமும் இல்லை. முன்னால் தள்ளினாலும் பக்கத்தில் தள்ளினாலும் அதற்கு ஒன்றுதான். அதனால்தான் கயிறு கட்டி இழுக்கிறார்கள், கழி ஊன்றித் திருப்புகிறார்கள். அந்தக் கயிறும் கழியும் வெளியிலிருந்து தருகிற பிடிமானத்தை, தானே ஓடுகிற படகு தன் அடியிலேயே சுமந்துகொண்டு போக வேண்டும்.

இரண்டாவது பாடம் கட்டுமரம். ஊரூர் குப்பம், நொச்சிக்குப்பம் என்று நம் கடற்கரைக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஓடியது. 'கேட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல்லே இதிலிருந்து போனதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வேகமாக அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கட்டுமரத்துக்கு ஏரா கிடையாது. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். பாய் விரித்துப் போகும்போது பக்கத்துக் காற்று அதை அப்படியே ஒதுக்கிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்க ஒரு பலகையைப் பக்கவாட்டில் நீருக்குள் இறக்குவார்கள். வேண்டாதபோது மேலே தூக்கிவிடலாம். ஃபின் தத்துவம் முழுவதும் அந்த ஒரு பலகைக்குள் இருக்கிறது.

மூன்றாவது பாடம் அடையாற்றில். 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் பந்தயத் துடுப்புப் படகுகள் அந்த ஆற்றில் ஓடுகின்றன. நீளமாக, ஒல்லியாக, உருண்ட அடியோடு இருக்கும் இந்த ரகப் படகுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், அமரத்துக்குச் சற்று முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு ஃபின் தெரியும். இடது கை வலிப்பும் வலது கை வலிப்பும் எப்போதும் சமமாக இருக்காது. அந்தச் சின்னத் தகடு இல்லாவிட்டால் ஒவ்வொரு வலிப்புக்கும் படகு பாம்பு மாதிரி நெளியும்.

நான்காவது பாடம் சென்னைத் துறைமுகத்தில் பழகும் பாய்ப்படகுகள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் லேசர் ரேடியல் வகைப் படகில் கலந்துகொண்டார். ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டிய முதல் இந்தியப் பெண்மணி அவர்தான். அந்த வகைப் படகின் நடுப்பகுதியில் ஒரு துளை. அதன் வழியாக ஒரு நீளப் பலகை கீழே இறங்கும். எதிர்க்காற்றில் முழுக்க இறக்கி வைப்பார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது பாதி உயர்த்திவிடுவார்கள், தண்ணீர் இழுப்பு குறையட்டும் என்று.

கவனித்தீர்களா? பக்கவாட்டில் ஒதுங்குவதைத் தடுக்க வேண்டிய இடத்தில் பலகை நடுவில் இருக்கிறது. நெளியாமல் நேராகப் போக வேண்டிய இடத்தில் தகடு பின்னால் இருக்கிறது. இது தற்செயல் இல்லை.

ஒரே தகடு, மூன்று இடம்

இனி கொஞ்சம் மெக்கானிக்ஸ். பயப்பட வேண்டாம், முதலாண்டுப் பாடம்தான்.

ஒவ்வொரு படகுக்கும் ஓர் ஈர்ப்பு மையம் உண்டு. மோட்டார், பேட்டரி எல்லாம் வைத்துவிட்டுப் படகை ஒரு ஸ்கேலின் விளிம்பில் குறுக்காக வைத்துத் தராசு மாதிரி நிறுத்துங்கள். எங்கே சாயாமல் நிற்கிறதோ அதுதான் இடம். பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். படகு திரும்பும்போதெல்லாம் அந்தக் கோட்டை மையமாக வைத்துத்தான் கணக்குப் போடப் போகிறோம்.

இப்போது படகு நேராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் அலை மோதி அணியம் 5 டிகிரி வலப்பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் படகின் ஓட்டம் இன்னும் பழைய திசையிலேயே இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் ஃபின்மேல் நேராக வராமல் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வருகிறது. ஃபின்னை வலப்பக்கம் தள்ளுகிறது. மூன்று நிலைகளையும் பார்ப்போம்.

ஃபின் பின்னால் இருந்தால்: அமரம் வலப்பக்கம் தள்ளப்படும். அமரம் வலது போனால் அணியம் இடது வரும். அதாவது, படகு தானாகவே பழைய திசைக்குத் திரும்பிவிடும். அம்பின் பின்னால் இறகு கட்டுவது இதற்காகத்தான். மொட்டைமாடியில் பட்டத்துக்கு வால் கட்டுவதும் ஏறக்குறைய இதே யோசனைதான்.

ஃபின் முன்னால் இருந்தால்: அணியமே வலப்பக்கம் தள்ளப்படும். ஏற்கெனவே வலது திரும்பியது இன்னும் திரும்பும். இன்னும் திரும்பினால் இன்னும் தள்ளும். கடைசியில் படகு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அம்பைத் திருப்பிப் பிடித்து இறகு முன்னால் வர எறிந்தால் என்ன ஆகுமோ அதுதான்.

ஃபின் ஈர்ப்பு மையத்துக்கு நேரே இருந்தால்: அணியமும் திரும்பாது, அமரமும் திரும்பாது. முழுப் படகும் வலப்பக்கம் தள்ளப்படும். அதாவது, மூக்கு எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசைக்கு உடம்பும் வந்து சேரும். வளைவில் நமக்கு வேண்டியது இதுதானே!

ஆக, பின்னால் இருக்கும் ஃபின் நேராகப் போக உதவுகிறது. நடுவில் இருக்கும் ஃபின் வழுக்காமல் திரும்ப உதவுகிறது. முன்னால் இருப்பது கவிழ்த்துவிடுகிறது. ஃபின் படகைத் திருப்புவதில்லை. அது சுக்கானின் வேலை. திரும்புகிற படகுக்கு ஃபின் ஒரு பிடியைக் கொடுக்கிறது. அந்தப் பிடி எங்கே கிடைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் படகின் குணம் அமைகிறது.

'அப்படியானால் ஃபின்னை ஒரேயடியாகக் கடைசியில் வைத்துவிட்டால் ரொம்ப நல்லதாச்சே' என்று கேட்கலாம். அங்கேதான் திருப்புத்திறன் குறுக்கே வருகிறது. விசையை ஈர்ப்பு மையத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். ஈர்ப்பு மையத்துக்கு 5 செ.மீ. பின்னால் இருக்கும் ஃபின்னை, அதே அளவில், 25 செ.மீ. பின்னால் கொண்டு போனால் அது படகை நேராக நிறுத்தப் பிடிக்கும் பிடி ஐந்து மடங்காகிறது. நேர்க்கோட்டில் அது வரம். வளைவில் அதுவே சாபம். சுக்கான் திருப்பப் பார்க்கும், ஃபின் விடாது. இரண்டும் மல்லுக்கு நிற்கும். படகு அகலமான வளைவு எடுக்கும், வேகமும் குறையும்.

மைதானத்தில் ஒரு ஏரி

எங்கள் ப்ராஜெக்ட் படகு 75 செ.மீ. நீளம், பேட்டரியோடு 2 கிலோ எடை. ப்ளைவுட்டில் செய்து மேலே ஃபைபர் பூசினோம். மோட்டாரும் ரிமோட்டும் ரிச்சி தெருவில் வாங்கியவை. படகு தயாரான உடனே எங்கள் நால்வர் குழுவில் ஒரு விவாதம். கையில் மிச்சம் இருக்கும் பணத்தைப் போட்டு இன்னும் சக்திவாய்ந்த மோட்டார் வாங்கலாமா, இதையே ஓட்டலாமா என்று. பணிமனைப் பயிற்றுநரிடம் போனோம். அவர் படகைத் திருப்பிப் போட்டுத் தடவிப் பார்த்தார். "நூறு ரூபா தகட்டுல முடியற வேலைக்கு ஆயிரக்கணக்குல மோட்டார் எதுக்குப்பா? இருக்கிற வேகத்தை முதல்ல வளைவுல காப்பாத்துங்க" என்றார்.

அவர் யோசனைப்படி படகின் அடியில் ஒரு சின்ன அலுமினியச் சேனலை அணியத்திலிருந்து அமரம் வரை ஒட்டினோம். அதில் வரிசையாகத் துளைகள். ஃபின்னை எந்தத் துளையில் வேண்டுமானாலும் நட்டு போட்டு மாட்டலாம். ஃபின் ஒன்றுதான், இடம் மட்டும் மாறும். ஆய்வகத்தில் சொல்லிக் கொடுப்பார்களே, 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று' என்று. அந்த வாக்கியத்தின் அருமை அப்போதுதான் புரிந்தது.

ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டுமே! கோயில் குளத்தில் இறங்க முடியாது, அடையாற்றின் முகத்துவாரத்தில் படகுக்குப் பதில் பிளாஸ்டிக் பைதான் மாட்டும். நல்ல காலம், ஐப்பசி மழை எங்களைக் கைவிடவில்லை. இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மழையில் விளையாட்டு மைதானம் முழங்கால் அளவு ஏரியாகிவிட்டது. கிரிக்கெட் டீம் சோகமாக நிற்க, நாங்கள் நான்கு செங்கல்லை நட்டு, அதன்மேல் சிவப்புக் கொடி குத்திப் பந்தயத் தடம் போட்டோம். இடம் சின்னது என்பதால் பாதி வேகத்துக்கு மேல் போகவில்லை.

நான்கு இடங்களில் ஓட்டினோம். அணியப் பக்கம் மாட்டியபோது, புத்தகத்தில் உள்ளபடியே, இரண்டாவது நொடியில் படகு தன் வாலைத் தானே துரத்தியது. கரையில் நின்ற முதலாண்டு மாணவர்கள் கைதட்டி ரசித்தார்கள். ஈர்ப்பு மையத்தின் கோட்டுக்கு நேரே மாட்டியபோது வளைவு பிரமாதம். ஆனால் நேர்க்கோட்டில் ரிமோட்டைக் கையிலிருந்து விட முடியவில்லை, தொட்டதற்கெல்லாம் மூக்கைத் திருப்பியது. கடைசியில் அமரத்தில் மாட்டியபோது நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது, கொடியைத் தாண்டி ரொம்ப தூரம் போய்த்தான் திரும்பியது. ஈர்ப்பு மையத்துக்கு நான்கு விரற்கடை பின்னால் மாட்டியபோது இரண்டும் ஓரளவுக்குக் கிடைத்தது. எல்லாப் படகுக்கும் இதே நான்கு விரற்கடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈர்ப்பு மையத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள், படகே சொல்லும்.

இரண்டு தீப்பெட்டி சமாச்சாரம்

இத்தனை சின்னத் தகட்டால் இவ்வளவு செய்ய முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2 கிலோ படகு, விநாடிக்கு 10 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 36 கி.மீ. வளைவின் ஆரம் 5 மீட்டர். மையநோக்கு விசை என்ன? நிறை × வேகம் × வேகம் ÷ ஆரம். 2 × 10 × 10 ÷ 5 = 40 நியூட்டன். ஏறக்குறைய 4 கிலோ எடை. படகின் எடையைப் போல இரண்டு மடங்கு! யாராவது இந்தப் படகை வளைவின் உள்பக்கமாக 4 கிலோ விசையோடு இழுத்துப் பிடித்தால்தான் அது அந்த வளைவில் திரும்பும். இல்லாவிட்டால் நேராகப் போய்க் கரையில் ஏறும்.

பந்தயப் படகு வேகம் எடுத்ததும் நீரைக் கிழித்துக்கொண்டு போகாது. நீர்ப்பரப்பின் மேல் எழும்பிச் சறுக்கும். அப்போது உடம்பில் பெரும்பகுதி காற்றில்தான் இருக்கும். இழுத்துப் பிடிக்க மிச்சம் இருப்பது ஃபின்னும் சுக்கானும்தான்.

தண்ணீரின் அழுத்தக் கணக்கு: அடர்த்தி × வேகம் × வேகம் ÷ 2. அதாவது 1000 × 10 × 10 ÷ 2 = சதுர மீட்டருக்கு 50,000 நியூட்டன். ஃபின்னின் பரப்பு 30 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், இரண்டு தீப்பெட்டியின் முகப்பைச் சேர்த்து வைத்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். 50,000 × 0.003 = 150. தூக்குக் கெழு 0.3 என்று எடுத்தால் 45 நியூட்டன். நமக்கு வேண்டியது 40. போதும்!

வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதே வளைவுக்கு வேண்டிய விசையும் நான்கு மடங்காகும். எனவே வேகம் கூடினாலும் அதே அளவு ஃபின் போதும், ஆனால் இருக்கும் இடம் இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரு டிகிரி கோணலாக மாட்டியிருந்தால்கூட இந்த வேகத்தில் ஐந்தாறு நியூட்டன் பக்கவாட்டில் தள்ளும். அரைக் கிலோ எடையை நூலில் கட்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஆகவே ஃபின்னின் தகடு படகின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல், நூல் கட்டி அளந்து பாருங்கள்.

எந்தப் பக்கம்?

இதுவரை ஃபின்னை நடுக்கோட்டில் வைத்தே பேசினோம். வேகமான பந்தயப் படகுகளில் ஃபின்னை ஒரு பக்கமாக ஒதுக்கி மாட்டுவார்கள். அமெரிக்காவில் மாதிரிப் படகுப் பந்தயங்கள் வலஞ்சுழியாக ஓடுகின்றன. எல்லாம் வலது வளைவு. அதனால் ஃபின் வலப்பக்கம். அதே நாட்டில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் பெரிய ஹைட்ரோபிளேன் படகுகள் இடஞ்சுழியாக ஓடுகின்றன. அவற்றில் ஃபின் இடப்பக்கம். இரண்டிலும் விதி ஒன்றுதான்: வளைவின் உள்பக்கம்.

ஏன் உள்பக்கம்? முதல் காரணம் எளிது. ஃபின் தண்ணீரில் இழுபடும். வலப்பக்கம் இழுபட்டால் படகு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். வளைவில் இது நமக்கு உதவி. நேர்க்கோட்டில் இதுவே சின்னத் தொல்லை. சுக்கானை இடப்பக்கம் துளி திருப்பி வைத்துச் சரிக்கட்டலாம்.

இரண்டாவது காரணம் சுவாரஸ்யமானது. ஃபின் கீழே இருக்கிறது, ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. வலது வளைவில் ஃபின் வலப்பக்கம் இழுக்க, மேலே உள்ள எடை இடப்பக்கம் சாயப் பார்க்கும். எம்.டி.சி. பஸ் வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டு வருபவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்களோ அந்தப் பக்கம். படகின் உள்பக்கம் தூக்கிக்கொள்ளும். மிஞ்சினால் கவிழும். இதைத் தடுக்க ஃபின்னின் கீழ்முனையைப் படகின் அடிப்பக்கமாக உள்நோக்கிச் சாய்த்து மாட்டுவார்கள், அல்லது வளைத்து விடுவார்கள். அப்படிச் சாய்த்தால் தண்ணீர் தரும் விசை பக்கவாட்டில் மட்டும் இல்லாமல் கொஞ்சம் கீழ்நோக்கியும் இருக்கும். தூக்கிக்கொள்ளப் பார்க்கும் உள்பக்கத்தை அதுவே அமுக்கிப் பிடிக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இப்படி வலது வளைவுக்கென்று செய்த படகை அதே வேகத்தில் இடப்பக்கம் ஒடிக்கக் கூடாது. விசை தலைகீழாகி, அமுக்கிய தகடே படகைத் தூக்கிவிடும். இரண்டு பக்கமும் திரும்ப வேண்டிய படகானால் ஃபின் நடுக்கோட்டில் இருப்பதே உத்தமம்.

ஆழத்துக்கும் இதே நியாயம்தான். ஆழமான ஃபின் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கவிழ்க்கும் திருப்புத்திறனும் கூடும், தண்ணீர் இழுப்பும் கூடும். ஆழம் குறைந்தால் வேறொரு ஆபத்து. ஃபின்னின் ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைவதால் மேலிருந்து காற்று அந்தப் பக்கமாகக் கீழே உறிஞ்சப்பட்டு இறங்கும். தகட்டைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று வந்துவிட்டால் பிடி ஒரு நொடியில் போய்விடும். வளைவின் நடுவில் படகு திடீரென்று 'ஸர்ர்' என்று வழுக்குவது இதனால்தான். முன்விளிம்பைக் கூராக அரம் போட்டு, முகத்தை எமரித் தாளால் வழவழப்பாக்கினால் இது குறையும். ப்ரொப்பெல்லருக்கும் சுக்கானுக்கும் நேர் முன்னால் ஃபின்னை வைக்கவும் கூடாது. ஃபின் கலக்கிவிட்ட காற்றுக் குமிழித் தண்ணீர் நேராக அவற்றின் மேல் போய் அவற்றின் பிடியையும் கெடுக்கும். ஆகாயத்தாமரை உள்ள நீர்நிலையானால் முன்விளிம்பைப் பின்னோக்கிச் சாய்வாக வெட்டுங்கள். வேர் சிக்காமல் வழுக்கிப் போய்விடும்.

மாட்டும் வரிசை

அடுத்த ஆண்டு யாராவது படகு செய்தால் உபயோகப்படட்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. பேட்டரி வரை எல்லாவற்றையும் வைத்த பிறகே ஈர்ப்பு மையத்தைக் குறியுங்கள். பேட்டரியை நகர்த்தினால் மறுபடியும் குறிக்க வேண்டும்.

2. ஃபின்னை ஈர்ப்பு மையக் கோட்டில் மாட்டி, பாதி வேகத்தில் ஓட்டுங்கள். மூக்கு அலைபாய்ந்தால் 1 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். வளைவு அகன்று போனால் முன்னால் கொண்டு வாருங்கள்.

3. இடம் சரியான பிறகே ஆழம். ஆழம் சரியான பிறகே சாய்வு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது செய்த வேலை என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

4. நேர்க்கோட்டில் ஒரு பக்கம் இழுத்தால் உடனே ஃபின்னைக் குறை சொல்ல வேண்டாம். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர், தரையில் உருளும் சக்கரம் மாதிரி அமரத்தை வலப்பக்கம் நகர்த்தும். மூக்கு இடப்பக்கம் போகும். இதைச் சுக்கானில் சரிசெய்யுங்கள்.

5. முழு வேகம் கடைசியில்தான்.

விளையாட்டுச் சாமான் இல்லை

இதெல்லாம் ஒரு பொம்மைப் படகுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்கு. 2 கிலோ படகு விநாடிக்கு 10 மீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் 100 ஜூல். 2 கிலோ படிக்கல்லை 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். படகு ஓட்டும் இடத்தில் கரையோரம் முழுக்கச் சின்னப் பசங்கள்தான் நிற்பார்கள், வேடிக்கை பார்க்க. பிடிமானம் இல்லாத படகு கொடியைச் சுற்றாமல் நேராகப் போனால் யார் முழங்காலில் போய் இடிக்கும்? எங்கள் குழுவில் வேகத்தை ஏற்றுவதற்கு முன்னால் ஃபின்னை முடிக்க வேண்டும் என்று தீர்மானித்தது மார்க்குக்காக மட்டும் இல்லை.

இரண்டாவது கணக்கு, வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் தந்தது. 1870-களின் தொடக்கத்தில் நீளமான தொட்டி கட்டி, மெழுகில் செய்த மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தவர். நீளம் எத்தனை மடங்கோ, வேகம் அதன் வர்க்கமூலம் என்பது அவர் விதி. எங்கள் 75 செ.மீ. படகு மணிக்கு 36 கி.மீ. போகிறது என்றால், 7.5 மீட்டர் படகு மணிக்கு சுமார் 114 கி.மீ. போவதற்கு ஒப்பு. அந்த வேகத்தில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். மாதிரியில் கற்றுக்கொள்வது பொம்மை வித்தை இல்லை. நம் ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரிக் கப்பலை இழுத்துச் சோதிக்கும் தொட்டி இருப்பதும் இந்த விதியை நம்பித்தான்.

நமக்குப் பெரிய தொட்டி இல்லை. ஆனால் அரம் பிடிக்கத் தெரிந்த கை இருக்கிறது. 2 மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி, விளிம்பைச் சீவி, நடுக்கோட்டுக்கு இணையாகத் துளை போட்டு மாட்டுவது முதலாண்டு ஃபிட்டிங் பாடத்தில் நாம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்ட வேலைதான். என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்கு அகில இந்திய நௌ சைனிக் முகாமில் கப்பல் மாதிரிப் போட்டியே நடத்துகிறார்கள்; இயந்திரத்தால் ஓடும் மாதிரி, பாயால் ஓடும் மாதிரி என்று தனித்தனிப் பிரிவு உண்டு. கடற்படைப் பிரிவில் இருக்கும் தம்பி தங்கைகள் இந்தக் கணக்கை அங்கேயும் பயன்படுத்தலாம்.

துளை போட்ட அந்த அலுமினியச் சேனலையும், மூன்று அளவில் வெட்டிய ஃபின்களையும் பணிமனையில் பயிற்றுநரிடமே கொடுத்துவிட்டோம். வேண்டுபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஐப்பசியில் மைதானம் நிரம்பும்போது முதல் ஓட்டத்தை அணியப் பக்கத் துளையில் மாட்டியே ஆரம்பியுங்கள். கூட்டம் சேர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு துளையாகப் பின்னால் வாருங்கள்.

– இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு